அந்துப்பூச்சிக் கூட்டை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. வாசலில் ஒரு நாட்டு வாதுமை மரம். பின்பக்கம் ஆமணக்கு, நந்தியாவட்டை, முருங்கை. இந்த நாலும் இருக்கிற வீட்டில் அந்துப்பூச்சிக்குப் பஞ்சமே இருக்காது. எட்டு வருடமாகக் கூடுகளை எடுத்து வைத்துப் பூச்சி வெளிவரும்வரை காத்திருக்கிறேன். சிலது வந்தது, சிலது வரவில்லை, இரண்டு முறை நானே கெடுத்தேன். தெருப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் பள்ளி ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கூடு ஒன்று கண்ணில் பட்டது. எடுத்து வரலாமா?

எடுக்காமல் இருக்க முடியுமென்றால் அங்கேயே விடுங்கள். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே போதும். கிளையைக் கழிக்கப் போகிறார்கள், கூடு தரையில் விழுந்து கிடக்கிறது, அல்லது வீட்டுப் பிள்ளை கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறது என்றால் எடுக்கலாம். அதுவும் சொந்தத் தோட்டத்திலிருந்து, ஒன்றோ இரண்டோ. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் கை வைக்கக் கூடாது. அது சட்டப்படி வம்பு.

எடுக்கும்போது கூட்டைப் பிய்த்து எடுக்காதீர்கள். அது ஒட்டியிருக்கிற குச்சியோ இலையோ எதுவானாலும் அதோடு சேர்த்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுங்கள். கூடு அசையாமல் நின்றால்தான் உள்ளே இருப்பது பிடிமானத்தோடு முட்டி வெளியே வர முடியும். உருண்டு கொண்டே இருக்கிற கூட்டிலிருந்து வருவதற்குப் பாவம் அது படாத பாடு படும்.

இது அந்துப்பூச்சியா, வண்ணத்துப்பூச்சியா?

பட்டு நூல் சுற்றிய பொதி இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி. எலுமிச்சைச் செடியிலும் கறிவேப்பிலையிலும் பச்சையாக, நூலில் இடுப்பைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்குமே, அது வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு. அதற்கு மேலே போர்வை கிடையாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. வீட்டுச் சுவரில், பீரோவுக்குப் பின்னால், பூசணி விதை மாதிரி தட்டையாகச் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பை. பாதிப் பேர் எனக்குப் படம் அனுப்புவது இதைத்தான். அது கூடு இல்லை. உயிரோடு இருக்கிற ஒரு புழு தன் வீட்டை முதுகில் சுமந்து நடக்கிறது. இரண்டு பக்கமும் வாய் உண்டு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலையை நீட்டும். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி நூல் எல்லாம் அதற்குச் சாப்பாடு. அதை வளர்க்க நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஒட்டடை அடிக்காமல் இருந்தால் போதும்.

சரி, எந்தப் பூச்சியின் கூடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எந்தச் செடி, எந்த மரம் என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. நம் பக்கம் அடிக்கடி சிக்குகிறவற்றைச் சொல்கிறேன்.

நாட்டு வாதுமை, மருது, இலந்தை மரங்களில் கோழிமுட்டை வடிவத்தில், அதைவிடக் கொஞ்சம் சிறிதாக, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், கல் மாதிரி கெட்டியாகத் தொங்கினால் அது டசார் பட்டுப்பூச்சி. அதன் காம்பைப் பாருங்கள். கூட்டிலிருந்து கறுப்பாக ஒரு தண்டு நீண்டு, கிளையைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி வளைத்துப் பிடித்திருக்கும். இலை உதிர்ந்தாலும் கூடு விழாது. ஒரு புழு எச்சிலால் செய்த வேலை இது. முதல் தடவை பார்த்தபோது அரை மணி நேரம் அந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ந்த இலையைச் சுருட்டிப் போர்த்திக்கொண்டு விரல் நீளத்துக்கு மேல் ஒரு பை தொங்கினால், அதுவும் மலையோரமாக இருந்தால், அட்லஸ் அந்துப்பூச்சியாக இருக்கலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற வகை வடக்கே இருப்பதிலிருந்து தனி இனம். சிறகை விரித்தால் ஒரு சாணைத் தாண்டும். சிறகு நுனியில் பாம்புத் தலை போல இருக்குமே, செய்தித்தாளில் வருடத்துக்கு ஒரு தடவை 'அதிசயப் பூச்சி' என்று படம் போடுகிறார்களே, அதுதான்.

ஆமணக்கில் வெள்ளையாகவோ செங்கல் நிறத்திலோ பஞ்சு போல மென்மையான கூடு, ஒரு முனை திறந்தே இருந்தால், அது எரி பட்டு. இது காட்டில் இல்லை, வளர்ப்புப் பூச்சி. யாராவது கொடுத்திருந்தால்தான் உங்களிடம் இருக்கும். மல்பெரி பட்டுக்கூடு எல்லோருக்கும் தெரியும். வேர்க்கடலை மாதிரியும் முட்டை மாதிரியும், வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும்.

முந்திரி மரத்தில் தங்க நிறத்தில் வலை வலையாக, உள்ளே இருக்கிற கூட்டுப்புழு தெரிகிற மாதிரி கொத்துக் கொத்தாக இருந்தால் அது ஒரு காட்டுப் பட்டுப்பூச்சி. அழகான கூடு. ஆனால் புழுப் பருவத்தின் மயிர்கள் அந்த வலையிலேயே ஒட்டியிருக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

சின்னக் குச்சிகளை விறகுக் கட்டு போல அடுக்கித் தைத்த கூடு தொங்கினால், அதற்காக அதிகம் காத்திருக்க வேண்டாம். அந்த இனத்தில் ஆணுக்குத்தான் சிறகு. பெண் பெரும்பாலும் சிறகில்லாமல், புழு மாதிரியே அந்தக் குச்சிக் கட்டுக்குள் இருந்து முட்டையிட்டு அங்கேயே முடிந்துவிடும். ஒரு பையன் ஆறு மாதம் காத்திருந்து 'அண்ணா, என்னை ஏமாத்திடுச்சு' என்றான்.

தொட்டால் அரிக்குமா?

சிலது அரிக்கும், சிலது நெருப்பாய் எரியும். முருங்கைக் கம்பளிப்பூச்சியைப் பற்றி யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. தென்னை, மா இலைகளில் பச்சையாக, நத்தை போல ஊரும் முள் புழு இருக்கிறதே, அதன் கூடு பட்டையில் ஒட்டிய சின்ன மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும். பார்த்தால் சாது. அதன் மேலேயும் புழுவின் முட்கள் கலந்திருக்கும். கூட்டில் மயிரோ முள்ளோ தெரிந்தால் இடுக்கியால் எடுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி உரித்து மயிரை எடுத்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவுங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ கண்ணில் பட்டாலோ நேராக டாக்டரிடம். டசார், அட்லஸ், எரி, மல்பெரி நான்கையும் தாராளமாகக் கையில் எடுக்கலாம்.

உள்ளே உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காதருகே வைத்து ஒரே ஒரு தடவை மெதுவாக அசைத்துப் பாருங்கள். உயிருள்ள மல்பெரிக் கூட்டிலும் டசார் கூட்டிலும் 'தொக்' என்று கனமான ஒரு சத்தம் வரும். காய்ந்து போனது 'கலகல'வென்று இலேசாக ஆடும். ஒரு தடவைதான். விளையாட்டாகக் குலுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். முக்கியமாக, புழு கூடு கட்டி முடித்த முதல் ஒரு வாரம் அசைக்கவே வேண்டாம். உள்ளே தோல் இன்னும் மெழுகு மாதிரி இளசாக இருக்கும்.

நான் நம்புவது தராசைத்தான். நகை எடை போடுகிற சின்ன டிஜிட்டல் தராசு இப்போது மலிவாகக் கிடைக்கிறது. நல்ல மல்பெரிக் கூடு ஒன்றரை முதல் இரண்டு கிராம் இருக்கும். அதில் பட்டு ஓடு மட்டும் அரை கிராம்கூட வராது, மீதியெல்லாம் உள்ளே இருக்கிற உயிர். வாரம் ஒரு முறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது இயல்பு. ஒரே வாரத்தில் சட்டென்று இறங்கினால் உள்ளே காய்கிறது, அல்லது வேறு யாரோ தின்கிறார்கள் என்று அர்த்தம்.

கூட்டில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். முனையில் நூல் பிரிந்து, கறை படிந்து அகலமாகத் திறந்திருந்தால் பூச்சி வெளியேறிவிட்டது. பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவோ மிளகு அளவோ வட்டமாக, வெட்டினாற்போல ஓட்டை இருந்தால் வெளியே வந்தது பூச்சியே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எதில் வைப்பது?

கண்ணாடிப் பாட்டிலும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டவே வேண்டாம். காற்று இல்லை, பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய குறை, வழுவழுப்பு. வெளியே வந்த பூச்சி ஏறித் தொங்க இடம் இல்லாமல் வழுக்கி விழும்.

என் அனுபவத்தில் கைக்குழந்தைக்குப் போடுகிற குடை போன்ற கொசுவலையை மிஞ்சியது எதுவும் இல்லை. பரணில் கிடந்ததை எடுத்துத் துவைத்துக் காயவைத்து விரித்தால் ஒரு மாளிகையே தயார். வலையில் நகம் நன்றாகப் பிடிக்கும், காற்று வரும், பல்லி நுழையாது. உள்ளே ஒரு மண் தொட்டியில் மணல் போட்டு, கூடு இருக்கிற குச்சியை நட்டு வையுங்கள். டசார் கூடு என்றால் காம்பு உள்ள முனை மேலே இருக்கட்டும், பூச்சி அந்தப் பக்கமாகத்தான் வரும். குச்சி இல்லாமல் தனிக்கூடாகக் கிடைத்திருந்தால் வெளிப்பஞ்சில் மட்டும் ஊசி நூலைக் கோத்துக் குச்சியில் கட்டலாம். ஓட்டுக்குள் ஊசி இறங்கக் கூடாது.

கூட்டுக்குச் சுற்றிலும், கீழேயும், பூச்சியின் சிறகு முழுசாக விரிகிற அளவு வெற்றிடம் இருக்க வேண்டும். டசாருக்கு ஒரு சாண் விட்டால் பத்தும். அட்லஸுக்கு அதைப் போல ஒன்றரை மடங்கு.

இடம் நிழலாக, மழைச்சாரல் படாததாக இருக்கட்டும். ஏசி அறையில் வைத்தால் காற்று வறண்டுவிடும். ஃபிரிட்ஜ் மேல் வைத்தால் சூடு. இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் படியுங்கள்: கொசுவர்த்தி, செருகி வைக்கிற கொசு மருந்து, பாச்சை உருண்டை, எறும்புச் சாக்பீஸ் எதுவும் அந்த அறைப்பக்கம் வரக் கூடாது. கொசுவைக் கொல்கிற மருந்து பட்டுப்பூச்சி இனத்துக்கு நஞ்சிலும் நஞ்சு.

தண்ணீர் தெளிக்க வேண்டுமா?

கொஞ்சம். இஸ்திரி போடும்போது பயன்படுத்துகிற ஸ்பிரே பாட்டில் போதும். கோடையில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, காலையில், கூட்டைச் சுற்றி இருக்கிற குச்சியிலும் மணலிலும் இலேசாக. கூட்டின் மேல் துளி விழுந்தால் பரவாயில்லை, மதியத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெளிக்கவே தேவையில்லை. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடம்பையே உலர்த்திவிடும். அந்த இரண்டு மாதம்தான் நான் தெளிப்பதில் கறாராக இருப்பேன்.

காய்ந்து போனால் என்ன ஆகும் என்றால், கூட்டுப்புழுவின் தோல் வறண்டு உள்ளே இருக்கிற பூச்சியோடு ஒட்டிக்கொள்ளும். பூச்சி பாதி உரித்துக்கொண்டு மீதியில் மாட்டிக்கொள்ளும். ஈரம் கூடினால் பச்சைப் பூஞ்சை. இரண்டில் எது மோசம் என்று கேட்டால், பூஞ்சைதான். ஆகவே சந்தேகம் வந்தால் தெளிக்காதீர்கள்.

எறும்பை என்ன செய்வது?

நான் கெடுத்தேன் என்று சொன்னேனே, அதில் ஒன்று இது. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த பதினோரு எரிக் கூடுகள். முக்காலி மேல் கூடை, முக்காலியின் மூன்று கால்களுக்கும் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு. பாட்டி காலத்து வித்தைதான், எறும்பு தாண்டாது. நான் கவனிக்காதது ஜன்னல் திரை. மின்விசிறிக் காற்றில் திரை நகர்ந்து கூடையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. விடியற்காலையில் பார்த்தால் திரை வழியாக ஒரு கறுப்புக் கோடு. எரிக் கூட்டுக்கு ஒரு முனை திறந்தே இருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அந்த வாசல் வழியாகவே உள்ளே போய்விட்டன. பதினொன்றில் மிஞ்சியது இரண்டு.

ஆக, கிண்ணத்துத் தண்ணீர் சரிதான், ஆனால் கூடை வேறு எதையும் தொடக் கூடாது. சுவர், திரை, மின்கம்பி, ஒட்டடை நூல்கூடக் கூடாது. கயிற்றில் தொங்கவிடுகிறவர்கள் கயிற்றின் நடுவில் நாலு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவுங்கள், வாரம் ஒரு தடவை புதுசாக.

எனக்குக் கூடே கிடைக்கவில்லை. மண்ணில் இருந்து பழுப்பாக ஒரு உருண்டை கிடைத்தது. அதையும் வைக்கலாமா?

வைக்கலாம். பருந்து அந்துப்பூச்சி என்று சொல்கிற வகையெல்லாம் இப்படித்தான். நந்தியாவட்டையிலும் அரளியிலும் பச்சைப் புழு ஒன்று, முதுகின் முன்பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு புள்ளியோடு இருக்குமே, அது நன்றாகத் தின்று பெருத்த பிறகு ஒரு நாள் பச்சை மங்கிப் பழுப்பேறும். செடியை விட்டு இறங்கி வாசலெல்லாம் ஓடும். புழுவுக்குச் சீக்கு என்று நினைக்காதீர்கள், இடம் தேடுகிறது. சருகுக்கு அடியில் போய் நாலு நூலைத் தாறுமாறாகக் கட்டிக்கொண்டு அங்கேயே கூட்டுப்புழுவாகும். எள்ளுச் செடியில் வருகிற தடித்த புழுவோ மண்ணுக்குள்ளேயே இறங்கிவிடும்.

இப்படி ஓடுகிற புழுவைப் பார்த்தால் ஒரு பூந்தொட்டியில் நாலு விரல் உயரத்துக்கு ஈரமான தென்னைநார்க் கழிவு, மேலே காய்ந்த இலை, அதன் மேல் வலை. மற்றது அதன் பாடு. ஏற்கெனவே கூட்டுப்புழுவானது கிடைத்தால் புதைக்காதீர்கள். திசுத்தாள் விரித்து அதன் மேல் படுக்க வையுங்கள், பக்கத்தில் ஏறுவதற்குச் சொரசொரப்பான குச்சி நாலைந்து சாய்த்து வையுங்கள். தொட்டால் வாலை ஆட்டும். ஆட்டுகிறது என்பதற்காக நாளுக்குப் பத்துத் தடவை தொட வேண்டாம், ஆட்டுவதெல்லாம் அதன் சேமிப்பிலிருந்து செலவு.

இந்த வகையில் ஒரு வசதி, போர்வை இல்லாததால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். கடைசி ஓரிரு நாளில் கருத்து, சிறகின் கோலம் தோலுக்குள் நிழல் மாதிரி தெரியத் தொடங்கும். அன்றைக்கு இரவு தூங்காதீர்கள்.

எத்தனை நாள் ஆகும்?

மல்பெரி, புழு நூல் நூற்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம். எரி இரண்டு மூன்று வாரம், குளிரில் இன்னும் கொஞ்சம். அரளிப் பருந்துப்பூச்சி இரண்டு மூன்று வாரம். அட்லஸ் ஒரு மாதம் போல, சில சமயம் அதைத் தாண்டியும்.

டசார்தான் பொறுமையைச் சோதிக்கும். ஆடி, ஆவணியில் கட்டிய கூடு ஒரு மாதத்தில் திறக்கலாம். மார்கழி, தையில் கிடைத்த கூடு அடுத்த மழைக்காலம் வரை அப்படியே தூங்கும். ஐந்தாறு மாதம். வெயில் காலத்தில் மரத்தில் இலை இருக்காது, குஞ்சுகளுக்குத் தீனி இருக்காது, ஆகவே அது உள்ளேயே இருந்துகொள்கிறது. கோடை மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய பிறகு திறக்கும். மாசியில் 'செத்துவிட்டது' என்று குப்பையில் போடப் போன கூட்டை எடை பார்த்து மீட்டு வைத்தேன், வைகாசிக் கடைசியில் பூச்சி வந்தது.

ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி வெளிநாட்டு வீடியோவில் சொல்கிறார்களே?

அவர்கள் ஊரில் அது சரி. பனி கொட்டுகிற நாட்டு இனங்கள் குளிரைக் கடந்தால்தான் விழிக்கும். வட அமெரிக்கப் பட்டுப்பூச்சிகளைக் குளிரூட்டி வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். நம்மூர்ப் பூச்சி குளிருக்காகக் காத்திருக்கவில்லை, மழைக்காகக் காத்திருக்கிறது. ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் காய்ந்து சாகும்.

கூட்டை வெட்டி உதவி செய்யலாமா?

வேண்டாம். வெளியே வருவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் உபாயம் இருக்கிறது. டசாரும் மல்பெரியும் வாயிலிருந்து ஒரு நீரைச் சுரந்து, நூலை ஒட்டியிருக்கிற பசையைக் கரைக்கும். நூல் அறுபடாது, இளகி விலகும். அந்த வழியாகத் தலையை முட்டி வரும். பச்சை நிறத்தில் நீள வாலோடு வருகிற நிலாப் பூச்சிக்குச் சிறகின் அடியில் கெட்டியான ஒரு முள் இருக்கிறது, அதனால் கீறிக்கொண்டு வரும். உள்ளே 'கரக் கரக்' என்று கேட்கும். எரிக்கும் அட்லஸுக்கும் வாசல் ஏற்கெனவே இருக்கிறது.

பாதி வந்து நான்கைந்து மணி நேரமாக அசையாமல் மாட்டிக்கொண்டிருந்தால் மட்டும், நுனியில் வெதுவெதுப்பான நீர் ஒரு சொட்டு விட்டு, சின்னக் கத்தரியால் கூட்டின் வாயைக் கொஞ்சம் அகலமாக்கலாம். பூச்சியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இப்படி நான் காப்பாற்றியது ஒன்று, காப்பாற்ற முடியாதது மூன்று.

வெளிவரும் நாளை எப்படித் தெரிந்துகொள்வது? அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

மல்பெரி விடியற்காலையில் வரும். டசார் பெரும்பாலும் அந்தி மயங்கியபின்.

வைகாசியில் வந்தது என்றேனே, அதைச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறேகால் மணிக்குக் காம்பின் அடியில் நாலணா அளவுக்கு ஈரம். யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. ஏழு மணிக்கு உள்ளேயிருந்து துணியை நகத்தால் கீறுகிற மாதிரி சத்தம். பிறகு நுனி மெதுவாக உப்பியது, அமுங்கியது, திரும்ப உப்பியது. முதலில் தெரிந்தது நனைந்த பூனைக்குட்டியின் நெற்றி மாதிரி ஒரு ரோமக் கற்றை. அப்புறம் முன்கால் ஒன்று, கூட்டின் வெளிப்பக்கத்தைத் தடவி ஒரு பிடியைக் கண்டுபிடித்தது. அங்கிருந்து முழு உடம்பும் வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பார்க்கச் சகிக்காது. பெருத்த வயிறு, தோளில் நான்கு கசங்கிய கைக்குட்டை. அது குச்சியில் ஏறித் தலைகீழாகத் தொங்கியது. வயிற்றை இறுக்கி இறுக்கி இரத்தத்தைச் சிறகு நரம்புகளுக்குள் ஏற்ற, கைக்குட்டை கீழ்நோக்கி வழிய ஆரம்பித்தது. சுருக்கம் ஒவ்வொன்றாய் நீங்கி, நடுவில் கண்ணாடி பதித்த மாதிரி ஒளி ஊடுருவுகிற வட்டம் நான்கும் திறந்தன. அரை மணி நேரத்தில் முழு அளவு. ஆனால் ஈர அப்பளம் மாதிரி தொய்ந்துதான் இருந்தது, விறைப்பாக இரவு பத்தரை ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, மின்விசிறியை அணைப்பது. தொடாதீர்கள், ஊதாதீர்கள், பிரகாசமான விளக்கை அடிக்காதீர்கள். கீழே ஒரு பழைய நாளிதழ் விரித்து வையுங்கள், ஏனென்றால் செம்பழுப்பாக ஒரு திரவத்தைப் பீச்சும். இரத்தம் இல்லை. கூட்டுக்குள் இருந்த நாள்களின் கழிவு அது. வெள்ளைத் துணியில் பட்டால் போகாது.

சிறகு விரியவே இல்லை, சுருங்கியே இருக்கிறது. என்ன செய்வது?

விழுந்திருந்தால் உடனே ஒரு குச்சியில் ஏற்றிவிடுங்கள், முதல் பத்து இருபது நிமிடம்தான் பொன்னான நேரம். ஒரு மணி நேரம் தாண்டி அப்படியே காய்ந்துவிட்டால் இனி விரியாது. பெண்ணாக இருந்தால் அது முட்டையிடும், அதற்குப் பறக்க வேண்டியதில்லை. வலைக்குள்ளேயே அதன் ஆயுள் முடியட்டும்.

பூச்சிக்குப் பதிலாகக் குளவி வந்தது! எப்படி?

புழுவாக இருந்தபோதோ கூட்டுப்புழுவான பிறகோ குளவி முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும். அதன் குஞ்சு உள்ளே இருந்தே தின்று வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வந்திருக்கிறது. மஞ்சளில் கறுப்புப் புள்ளி வைத்த மெல்லிய குளவி ஒன்றோ, கொசு அளவில் நூறு குட்டிக் குளவிகளோ வரலாம். சில கூட்டிலிருந்து வெள்ளைப் புழு இறங்கி மண்ணைத் தேடும், அது ஈ. பட்டு வளர்ப்பவர்களுக்கு ஊசி ஈ என்றால் வயிற்றைக் கலக்கும். தோட்டத்திலிருந்து எடுத்த கூடுகளில் கணிசமானது இப்படித்தான் முடியும்.

குழந்தைகள் அழுவார்கள். ஆனால் அந்தக் குளவியைக் கொல்ல வேண்டாம், வெளியே விடுங்கள். இவை இல்லையென்றால் உங்கள் முருங்கையில் ஓர் இலை மிஞ்சாது. ஒரே எச்சரிக்கை, பட்டுப்புழு வளர்க்கிற ஊராக இருந்து, வெளியே வந்தது ஈயாக இருந்தால் விடக் கூடாது. அக்கம்பக்கத்து வயிற்றில் அடித்த மாதிரி ஆகும்.

சாப்பிட என்ன கொடுப்பது?

டசார், அட்லஸ், எரி, மல்பெரி, நிலாப் பூச்சி இவற்றுக்குச் செயல்படுகிற வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்ற கொழுப்பில்தான் ஒரு வாரமோ பத்து நாளோ ஓட்டும். பருந்துப்பூச்சி மட்டும் தேன் குடிக்கும், விட்டுவிட்டால் தானே தேடிக்கொள்ளும்.

எப்போது, எங்கே விடுவது?

இருட்டிய பிறகு, தெருவிளக்கு இல்லாத பக்கம், புழு தின்ற அதே வகை மரத்தின் அடிமரத்தில் ஏற்றிவிடுங்கள். பகலில் விட்டால் காகம் கொத்தும், விளக்கடியில் விட்டால் பல்லியும் பூனையும்.

டசார் பெண்ணாக இருந்தால் ஓர் இரவு வலையோடு மொட்டை மாடியில் வைத்துப் பாருங்கள். பெண்ணின் உணர்கொம்பு மெலிதாக இருக்கும், ஆணுடையது அகலமான சீப்பு மாதிரி. அந்தச் சீப்பு வாசனை பிடிக்கிற கருவி, கிலோமீட்டர் கணக்கான தூரத்திலிருந்தும் பெண்ணின் வாசனையைப் பிடிக்கும். ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் புட்டனாண்ட் ஏறக்குறைய 5,00,000 மல்பெரிப் பூச்சிகளிலிருந்து அந்த வாசனைப் பொருளைத் துளித் துளியாகப் பிரித்து 1959-இல் வெளியிட்டார். பூச்சி ஒன்றின் அழைப்பு வாசனையை மனிதன் அடையாளம் கண்டது அதுதான் முதல் தடவை. எங்கள் மாடியில் அதற்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. வைகாசிப் பூச்சி பெண். மறுநாள் இரவு பதினோரு மணிக்கு மேல், எங்கிருந்து வந்தனவோ, மூன்று ஆண்கள் வலையைச் சுற்றிப் படபடத்துக்கொண்டிருந்தன. வலையைத் தூக்கிவிட்டேன்.

பள்ளி புராஜெக்டுக்கு மல்பெரிக் கூடு வேண்டும். எங்கே கிடைக்கும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பட்டு வளர்க்கிற விவசாயியிடம் நேரடியாகக் கேளுங்கள், புழு கூடு கட்டுகிற சந்திரிகைத் தட்டிலிருந்து பத்துக் கூடு எடுத்துக் கொடுப்பதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. நூற்பாலைக்குப் போய்விட்டால் ஆவியிலோ சூட்டிலோ வைத்து உள்ளே இருப்பதைக் கொன்றுவிடுவார்கள். பூச்சி ஓட்டை போட்டால் ஆயிரம் மீட்டர் போல வரக்கூடிய ஒற்றை இழையை ஒரே நீளமாக உருவி எடுக்க முடியாது அல்லவா. கைவினைப் பொருளுக்கென்று பாக்கெட்டில் விற்பது எல்லாம் செத்த கூடு, அதை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

மல்பெரிப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. ஆயிரக்கணக்கான வருடம் மனிதன் கையில் வளர்ந்து மறந்துவிட்டது. வெளியே விடாதீர்கள். ஓர் அட்டைப்பெட்டியின் மூடியில் வைத்தாலே அங்கேயே இருக்கும். ஆண் சிறகடித்தபடி சுற்றிச் சுற்றி வரும், பெண் வயிற்றைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

முட்டை போட்டுவிட்டது. இப்போது?

ஒரு பெண் மல்பெரிப் பூச்சி நானூறு, ஐந்நூறு முட்டை வைக்கும். மஞ்சளாகவே இருந்து உள்வாங்கிச் சுருங்கினால் கருவில்லாதது. சில நாளில் சாம்பல் நிறமானால் கருக் கொண்டது. பொரிக்க விடுவதற்கு முன்னால் உங்கள் தெருவில் மல்பெரிச் செடி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு டீச்சர் எண்ணிப் பார்க்கவில்லை. நாலாவது வாரம், ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு ஃபோன்: 'சார், இலை தீர்ந்துபோச்சு, வெண்டைக்காய் இலை தின்னுமா?' தின்னாது.

காட்டு இனம் முட்டை வைத்தால் அந்தக் குச்சியை அப்படியே வெட்டி அதன் மரத்தில் கட்டிவிடுங்கள்.

காலியான கூட்டை என்ன செய்வது?

நான் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்டி வைத்திருக்கிறேன்: எந்த மரம், எடுத்த தேதி, திறந்த தேதி, எடைகள். உள்ளே கூட்டுப்புழுவின் பழுப்புச் சட்டை கிடக்கும், அதையும் எடுத்துப் போட வேண்டாம். டசார் கூடு ஐந்தாறு வருடமானாலும் நசுங்காது. அக்கா பேத்தி வந்தால் நேராக அந்த அலமாரிக்குப் போய், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். போன மாதம் ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினாள். 'தாத்தா, இது காலி இல்லை.' தராசில் வைத்தேன், அவள் சொன்னது சரி. சீட்டும் கட்டாமல் எப்போது அந்த வரிசைக்குள் போட்டேன் என்று நினைவில்லை. இப்போது வலைக்குள் இருக்கிறது.